கம்பு எடுக்கும் முன் காலடி

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், சிலம்பப் பயிற்சிக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பள்ளிவாசலின் பின்புறத் திடலில் நடைபெற்றுவரும் சிலம்பப் பயிற்சியைத் தொடர்வதா, நிறுத்திவிடுவதா என்னும் கேள்வி சென்ற கமிட்டிக் கூட்டத்தில் எழுந்தது. நியாயமான கேள்வியே. ஆண்டு விழா மேடையில் ஒரு மாணவரின் கம்பு இன்னொரு மாணவரின் புருவத்தில் பட்டு ஐந்து தையல் போட நேர்ந்ததை அனைவரும் அறிவீர்கள். அல்லாஹ்வின் அருளால் கண்ணுக்குச் சேதமில்லை. தவறு மாணவருடையதன்று, ஆசானுடையதுமன்று. பயிற்சி தொடங்கிய மூன்றே மாதத்தில் மேடையேற்றியாக வேண்டும் என்று அவசரப்படுத்தியவர்கள் நாங்கள். "காலடி இன்னும் படியவில்லை" என்று ஆசான் கூறியபோது நாங்கள் செவிசாய்க்கவில்லை. இதனை இச்சபையில் ஒப்புக்கொள்வது எங்கள் கடமை.

அந்தக் காலடி என்பது என்ன? சிலம்பத்தைப் பார்ப்பவர் கண் கம்பின் சுழற்சியிலேயே நிற்கிறது. ஆனால் கம்பு எங்குச் செல்லும் என்பதைத் தீர்மானிப்பவை கால்கள். முன்வைத்தல், பின்வாங்கல், பக்கம் விலகுதல், திரும்புதல் ஆகிய ஒவ்வொன்றிலும் உடலின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். அது பழகாதவர் அடி வரும்போது கையை மட்டுமே நீட்டுவார்; இடைவெளி தவறும். அன்று மேடையில் நிகழ்ந்ததும் அதுவே. எதிரில் நின்றவர் ஓரடி விலக வேண்டிய இடத்தில் அரையடியே விலகினார்.

ஆகவே முதற்சில வாரங்கள் வெறுங்கையுடன் காலடி மட்டும் பழகுவதே முறை. சிறுவர்களுக்கு இது சலிப்பூட்டும் என்பதை அறிவோம். 'பெரிய இடத்துப் பெண்' (1963) போன்ற படங்களில் எம்.ஜி.ஆர். கம்பு சுழற்றுவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கே பொறுமை இருந்ததில்லை. கைபேசியில் அரை நிமிடக் காட்சி பார்க்கும் பிள்ளைகளிடம் எப்படி எதிர்பார்ப்பது? ஆயினும் குறுக்கு வழி இல்லை.

அடுத்து நேரம். ஞாயிறன்று மூன்று மணி நேரம் ஒரேயடியாகப் பழகுவதைக் காட்டிலும், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே வாரத்தில் நான்கு நாள் முக்கால் மணி நேரம் பழகுவது பயன் மிக்கது. கற்ற அசைவு, இடையிடையே கிடைக்கும் ஓய்விலும் உறக்கத்திலுமே உடலில் ஊன்றுகிறது. களைத்த பின் செய்யும் சுழற்சியில் பிழையே பழக்கமாகிவிடும். வலக்கை பழகியதை இடக்கைக்கும் கற்பிக்க வேண்டும். பெரும்பாலோர் இதனை விட்டுவிடுகின்றனர். இணையாகப் பழகும்போது எந்த அடி வருகிறது என்பதை முன்கூட்டியே சொல்லி, மெதுவாகத் தொடங்கி, தடுப்பு பிழையின்றி அமைந்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். பிழை நேர்ந்தால் வேகத்தைக் குறைப்பதில் வெட்கம் எதற்கு?

கம்பைப் பற்றியும் ஒரு சொல். ஆடுபவரின் நெற்றி உயரத்திற்குக் கம்பு இருப்பது வழக்கம். நம் திடலிலோ எட்டு வயதுப் பிள்ளை வாப்பாவின் கம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறது. அதற்கு நீளம் குறைந்த, எடை குறைந்த கம்பே போதும். வெடிப்பு விழுந்த மூங்கிலை உடனே ஒதுக்குங்கள். அரசலாறு கடலில் கலக்கும் இடத்து மணலில் ஓடுவது காலுக்கு வலுவூட்டும். எனினும் அம்மணலில் வேகமாகத் திரும்பும் அடிகளைப் பழக வேண்டாம், முழங்கால் முறுகும். நோன்பு மாதத்தில் இணைப் பயிற்சி கூடாது. மெதுவான காலடி மட்டும் போதும்.

பள்ளிவாசல் இடத்தில் கம்பு எதற்கு என்று வினவியோரும் உண்டு. பெருநாளன்று அபிசீனியர் ஈட்டியும் கேடயமும் ஏந்திப் பள்ளிவாசலில் விளையாடியதையும், நபி (ஸல்) அவர்கள் அதனை அனுமதித்ததையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. கடல் கடந்து மலாயா சென்ற தமிழர் சிலம்பத்தையும் உடன் கொண்டு சென்றனர். மலேசியாவில் இன்றும் அது பயிலப்படுகிறது. சபுராளிகள் நிறைந்த நம் ஊர் அதனை அயலாகக் கருதக் காரணமில்லை.

இனி, பெற்றோர் பலர் கேட்கும் சான்றிதழ் விவகாரம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தமிழ்நாடு அரசு சிலம்பத்தைச் சேர்த்திருப்பதும் உண்மையே. ஆனால் நாம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவர்கள். வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் சட்டம் வேறு. அங்குள்ள சலுகை இங்குள்ள பிள்ளைக்கு அப்படியே கிட்டும் என்று எண்ணிப் பணம் கட்டிவிடாதீர்கள். சான்றிதழ் வழங்கும் சங்கங்கள் பல. அவற்றுள் எதற்கு எந்த அரசின் அங்கீகாரம் உள்ளது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சான்றிதழுக்காகவே வந்த மாணவர்கள், அது கைக்கு வந்த மறுவாரமே திடலை மறந்ததையும் கண்டிருக்கிறோம்.

பயிற்சியைத் தொடர அனுமதி வேண்டுகிறோம்; சில மாற்றங்களுடன். ஓராண்டு பயிலாத எவரையும் மேடையேற்ற மாட்டோம். அடுத்த ஆண்டு விழாவில் சிலம்பக் காட்சி இராது. அதற்கு மாறாக, மாதத்தின் கடைசி வெள்ளியன்று அஸருக்குப் பின் பெற்றோர் திடலுக்கே வந்து பிள்ளைகளின் காலடியைப் பார்க்கலாம். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்க விரும்புகிறோம். கற்பிக்கப் பெண் ஆசிரியை தேவை. அறிந்தோர் தெரிவிக்கவும்.

புருவத்தில் அடிபட்ட மாணவர் தையல் பிரித்த வாரமே திடலுக்கு வந்துவிட்டார். அடித்த மாணவர்தாம் இன்னும் வரவில்லை. கம்பைத் தொடவே அஞ்சுவதாக வீட்டார் கூறுகின்றனர். இருமுறை சென்று பேசினோம். வரும் வெள்ளி ஜும்ஆ முடிந்ததும், காயம்பட்ட மாணவரையும் அழைத்துக்கொண்டு மூன்றாம் முறை செல்லவிருக்கிறோம்.