கர்ப்பகாலப் பரிசோதனைகள்: தெரிந்துகொண்டு முடிவெடுப்போம்

(மன்னார் பள்ளிமுனையில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் ஒன்றுகூடலில், தோட்டப் பகுதிகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற குடும்பநல மாது ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

ஆண்கள் தயவுசெய்து முன்னால் வந்து உட்காருங்கள். இன்றைக்குப் பேசப்போவது உங்கள் பிள்ளையைப் பற்றியும்தான்.

இந்தக் கரை நமக்குப் புதிய இடமில்லை. நம் பாட்டன் பூட்டன் இந்தப் பக்கம் இறங்கித்தான் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். அதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடியும் நடைபவனி போனதில் உங்களில் சிலரும் இருந்திருப்பீர்கள். பிற்காலத்தில் ரயிலும் கப்பலும் வந்த பிறகு, அக்கரையில் மண்டபம் முகாமில் ஆட்களை நிறுத்திவைத்து, உடம்பைச் சோதித்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். தொற்றுநோயைத் தடுக்க அது தேவைப்பட்டது. ஆனால் கூலியாளிடம் விளக்கம் சொல்லி விருப்பம் கேட்கிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுத்ததும் நம் மூத்த பெண்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இப்படி வந்த வழியால், 'டெஸ்ட்' என்றதும் நாம் இரண்டு விதமாக நடக்கிறோம். ஒன்று, சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருகிறோம். இல்லையென்றால் பயந்து கிளினிக் பக்கமே போகாமல் இருக்கிறோம். இரண்டுமே நமக்கு நல்லதில்லை. எந்தப் பரிசோதனையானாலும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதன் பதில் தெரிந்தால் என்ன செய்யலாம்?" இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் பரிசோதனைகள் தாமாகவே பிரிந்துவிடும்.

முதலாவது வகை, பதில் தெரிந்தால் உடனே வைத்தியம் செய்யக்கூடியவை. இரத்த அழுத்தம், சிறுநீரில் சீனியும் புரதமும், இரத்தத்தில் சீனி, இரத்த வகை, ஹீமோகுளோபின், சிபிலிஸ், எச்.ஐ.வி. இவை அரச கிளினிக்கில் இலவசம். இவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் இரும்புச்சத்து மாத்திரை இருக்கிறது. தாயின் இரத்தம் நெகட்டிவ், தகப்பனுடையது பொசிட்டிவ் என்றால் அடுத்த பிள்ளையைக் காப்பாற்ற ஊசி இருக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. தாய்மார் தவறாமல் இரத்தம் கொடுத்ததால்தான் அது நடந்தது.

இரண்டாவது வகையில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குப் பிறவிக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைகள் அவை. 11 முதல் 13 வாரத்துக்குள் பிள்ளையின் பிடரியில் உள்ள நீரின் தடிப்பை ஸ்கேனில் அளந்து, தாயின் இரத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பது ஒன்று. 10 வாரத்துக்குப் பிறகு தாயின் இரத்தத்திலேயே பிள்ளையின் மரபணுத் துணுக்குகளைத் தேடுவது இன்னொன்று. இவை பெரும்பாலும் தனியாரிடம்தான் நடக்கின்றன. மரபணுச் சோதனைக்குக் கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல் போகும். 18 முதல் 22 வாரத்துக்குள் பிள்ளையின் இருதயம், மூளை, முதுகெலும்பு, சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்க்கும் ஸ்கேன் மூன்றாவது.

இதில் ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். முதல் இரண்டும் சல்லடைதான். "சந்தேகம் இருக்கிறது" என்று மட்டும்தான் அவை சொல்லும். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு, 25 வயதுத் தாய்க்கு ஏறத்தாழ 1,250இல் ஒன்று, 35 வயதில் 350இல் ஒன்று, 40 வயதில் 100இல் ஒன்று. இளம் தாய்மார் 1,000 பேருக்குப் பிடரி ஸ்கேனும் இரத்தமும் பார்த்தால், ஏறத்தாழ 50 பேருக்குச் "சந்தேகம்" என்று வரும். அந்த 50 பேரில் உண்மையிலேயே டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை ஒன்றுதான் இருக்கும். மற்ற 49 தாய்மாரும் வீணாகத்தான் அழுதிருப்பார்கள். அதுபோல, "சந்தேகமில்லை" என்று வந்தாலும் அது முழு உத்தரவாதமில்லை.

உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அது 15 வாரத்துக்குப் பிறகு செய்வது. அதனால் கரு கலையும் ஆபத்துச் சிறியதுதான், ஆனால் இல்லையென்று சொல்ல முடியாது. ஆகவே முதல் சல்லடைக்கு இரத்தம் கொடுக்கும்போதே கேளுங்கள்: "சந்தேகம் என்று வந்தால் அடுத்தது ஊசியா? எனக்கு அது வேண்டுமா?"

சட்டத்தையும் சொல்லவேண்டும். நம் நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. அதன் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அன்றி வேறு எந்தக் காரணத்துக்கும் கருக்கலைப்புச் செய்ய முடியாது. மீறினால் சிறைத் தண்டனை. கடுமையான குறைபாடு உள்ள கருவுக்கு விலக்குக் கொடுக்க 2017இல் அமைச்சரவை மட்டத்தில் பேச்சு எழுந்தது. எதிர்ப்பு வந்து அது சட்டமாகாமலே நின்றது. இந்தச் சட்டம் சரியா பிழையா என்பதில் இங்கே இருப்பவர்களுக்குள்ளேயே கோயிலுக்கும் சமயத்துக்கும் ஏற்றபடி வேறு வேறு எண்ணம் இருக்கும். அதை நான் இன்றைக்குத் தீர்க்க வரவில்லை. ஆனால் வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர் போனில், "அந்த டெஸ்ட் எடு, குறை இருந்தால் எடுத்துவிடலாம்" என்று சொல்வது அந்த நாட்டுச் சட்டத்தை வைத்து. இங்கே நிலைமை வேறு. மறைவான இடங்களுக்குப் போய் உயிரை விட்ட பெண்கள் இருக்கிறார்கள். அப்படி ஏதாவது நடந்து இரத்தம் போனால், காய்ச்சல் வந்தால், பயந்து லயத்துக்குள் ஒளிந்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள்.

"அப்படியென்றால் தெரிந்து என்ன பிரயோசனம்?" என்று கேட்பீர்கள். பிரயோசனம் இருக்கிறது. 20 வாரத்து ஸ்கேனில் இருதயக் கோளாறு தெரிந்தால், பிள்ளையை எங்கே பெறுவது என்று முன்கூட்டியே தீர்மானிக்கலாம். வலி வந்த பிறகு மலை இறங்கி, ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு ஏறி இறங்குவதைவிட, விசேட வைத்தியர் உள்ள இடத்தில் முன்னரே போய்ப் படுக்கலாம். முதுகெலும்பு மூடாத பிள்ளைக்கும் அப்படித்தான். ஆகவே இந்த ஸ்கேனைத் தவறவிடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

டவுன் சின்ட்ரோம் பார்க்கும் சல்லடையில் அப்படிச் சொல்ல மாட்டேன். சில தாய்மார் முன்கூட்டித் தெரிந்து மனதைத் தயார்படுத்திக்கொள்ள விரும்புவார்கள். சிலர், "எப்படிப் பிறந்தாலும் என் பிள்ளை, ஐந்து மாதம் பயத்தோடு சுமக்க என்னால் முடியாது" என்பார்கள். இரண்டும் சரிதான். எடுத்தவளை "பாவம் செய்கிறாள்" என்றோ, எடுக்காதவளை "படிக்காதவள்" என்றோ சொல்ல மாமியாருக்கும் உரிமையில்லை, எனக்கும் உரிமையில்லை. வேண்டாம் என்று சொன்னதற்காகக் கிளினிக்கில் மற்றக் கவனிப்பு எதையும் நிறுத்தக்கூடாது. யாராவது ஏசினால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, தலசீமியா. இது கலியாணத்துக்கு முன்பே பார்க்க வேண்டிய பரிசோதனை. இந்த நோயின் காவியாக இருப்பவருக்கு வருத்தம் எதுவும் தெரியாது, கொழுந்தும் பறிப்பார், மலையும் ஏறுவார். ஆனால் புருஷன் மனைவி இருவரும் காவியாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, பிள்ளைக்கு நோய் வர. கடும் நோய் வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றவும் மருந்து வேண்டும். சொந்தத்துக்குள் மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டும் நமக்குள் ஒரே காவித்தன்மை இரண்டு பக்கமும் வரும் வாய்ப்புக் கூடுதல்.

முதல் சோதனை சாதாரண இரத்தப் பரிசோதனைதான். சாதகப் பொருத்தம் பார்க்கும் நாளிலேயே இதையும் பாருங்கள். ஏற்கெனவே கர்ப்பமாக இருந்து, மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், "தலசீமியாவா என்று பார்க்கலாமா?" என்று டொக்டரிடம் கேளுங்கள். தாய் காவி என்று தெரிந்தால் தகப்பனும் இரத்தம் கொடுக்க வேண்டும். தோழர்களே, ஊசிக்குப் பயந்து வேலையைச் சாட்டாதீர்கள். காவியாக இருப்பது யாருடைய குற்றமுமில்லை. அதைச் சொல்லிப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது அநியாயம்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வார்த்தை. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. நல்லது. ஆனால் முடிவெடுக்க வேண்டிய பரிசோதனைகள் எல்லாம் அதற்குப் பல மாதம் முன்பே வருகின்றன. 12ஆவது வாரத்திலும் 20ஆவது வாரத்திலும் பட்டணத்து வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும், பஸ் காசும் போகும். பேர் போகும் என்று ஸ்கேனைத் தவறவிடுகிறவள் தானாக முடிவெடுத்தவள் இல்லை. கிளினிக் நாளுக்கும் ஸ்கேன் நாளுக்கும் முழுப்பேர் போட வேண்டும், விளக்கம் தமிழில் கிடைக்க வேண்டும் என்று அடுத்த பேச்சுவார்த்தையில் சங்கம் கேட்க வேண்டும். மாதர் அணித் தலைவிகள் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள்.

அடுத்த முறை கிளினிக் போகும் தங்கச்சிமார் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது எதைப் பார்க்கும் சோதனை? இது சந்தேகம் சொல்லுமா, முடிவு சொல்லுமா? பதில் வந்தால் என்ன செய்யலாம்? எடுக்காவிட்டால் என்ன? பதில் விளங்கவில்லை என்றால் மறுபடி கேளுங்கள், வீட்டில் கதைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். மாதம் தள்ளிப்போனவுடனேயே குடும்பநல மாதுவிடம் பதிந்தால்தான் அப்படி யோசிக்க நாள் கிடைக்கும். பிந்திப் போனால் முடிவு நம் கையில் இருக்காது. ஆகவே முந்திப் பதியுங்கள்.