தீவன நஞ்சும் களிமண் தாதுவும்

(சுசீந்திரத்தில் கறவை மாடு வளர்ப்போரிடையே ஆற்றிய உரை)



நான் உழவியல் துறையைச் சேர்ந்தவன். மாட்டுத் தீவனத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்தது ஏன் என்று சிலர் நினைக்கலாம். நான் சொல்லப்போவதும் மண்ணைப் பற்றித்தான்.

சற்றுமுன் ஓர் அம்மா கேட்டார்கள்: "பிண்ணாக்கில் பூசணம் பிடித்தால் தட்டிவிட்டு, ஊறவைத்து மாட்டுக்கு வைக்கிறோம். களிமண் பொடி கலந்தால் நஞ்சு போய்விடுமாமே, உண்மைதானா?" எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் இப்படித் தட்டிவிட்டு வைத்தவர்கள்தாம். ஆகவே குறை சொல்லாமல் பதில் சொல்கிறேன்.

முதலில் நஞ்சைப் பற்றித் தெரிந்துகொள்வோம். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஒருவகைப் பூசணமே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அந்தப் பூசணம் சுரக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். இது ஈரலைத் தாக்கும். மனிதருக்கு ஈரல் புற்றுநோயையும் உண்டாக்கும். 1974-ஆம் ஆண்டில் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் சில சிற்றூர்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பூசணத்தைத் தட்டிவிட்டாலும் நஞ்சு உள்ளேயே இருக்கும். ஊறவைத்தாலும் காய்ச்சினாலும் அது அழியாது. கோழியும் வாத்தும் விரைவில் நோயுறும். வளர்ந்த மாடோ ஓரளவு தாங்கிக்கொள்ளும். "மாடு நன்றாகத்தானே இருக்கிறது" என்று நாம் இருந்துவிடுகிறோம். ஆனால் தின்ற நஞ்சில் ஒரு பகுதி உருமாறி ஒரே நாளில் பாலில் இறங்கிவிடுகிறது. அந்தப் பாலைக் குடிப்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்.

இது எங்கோ நடப்பது அன்று. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ஆம் ஆண்டில் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368 மாதிரிகளில் இந்த நஞ்சு வரம்பை மீறியிருந்தது. அவற்றில் 88 மாதிரிகள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்பதே வரம்பு. அதாவது 2,000 கிலோ பாலில் 1 மில்லிகிராம்.

இனிக் களிமண்ணுக்கு வருவோம். ஆரல்வாய்மொழியைத் தாண்டி வடக்கே போனால் கரிசல் நிலங்களைக் காணலாம். மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதிலுள்ள மாண்ட்மொரில்லோனைட் என்ற தாதுவே காரணம். இந்தத் தாது ஓலைச்சுவடி போல ஏடு ஏடாக அமைந்தது. நனைந்தால் ஏடுகள் விலகும். அஃப்ளாடாக்சின் தட்டையான மூலக்கூறு. விலகிய ஏடுகளுக்கிடையே நுழைந்து ஒட்டிக்கொள்ளும். குடலில் இரத்தத்தோடு கலக்காமல் சாணத்தோடு வெளியேறும். இத்தாது மிகுந்த களிமண்ணே பென்டோனைட். கட்ச், பார்மர் பகுதிகளில் இது வெட்டியெடுக்கப்படுகிறது.

அப்படியானால் வயல் களிமண்ணைக் கரைத்துக் கொடுக்கலாமா? கூடாது. நம் செம்புறை மண்ணில் மிகுந்திருப்பது கயோலினைட். அதன் ஏடுகள் இறுக ஒட்டியவை. நஞ்சு உள்ளே நுழையாது. கரிசல் மண்ணையும் கொடுக்கக்கூடாது. மண்ணோடு நோய்க் கிருமிகளும், பூச்சிமருந்து எச்சமும், ஈயம் போன்ற உலோகங்களும் சேர்ந்து போகும். 1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தீவனத்தில் கலந்த ஒருவகைக் களிமண்ணிலேயே டையாக்சின் என்ற கொடிய நஞ்சு இருந்து, கோழியிலும் மீனிலும் ஏறிவிட்டது. ஆகவே தீவனத்துக்கென்று சோதித்து விற்கும் பொடியை மட்டுமே வாங்குங்கள்.

அளவு என்ன? பொதுவாக 100 கிலோ கலப்புத் தீவனத்துக்கு அரை கிலோ முதல் 1 கிலோ வரை. பையில் அச்சிட்ட அளவை மீற வேண்டாம். ஐரோப்பிய நாடுகள் 2013-இல் இதற்கு அனுமதி தந்தபோது, முழுத் தீவனத்தில் கிலோவுக்கு 20 கிராம் என்று உச்ச வரம்பு வைத்தன. முதலில் சிறிதளவு தவிட்டில் பொடியைக் கலந்து, பிறகு மொத்தத் தீவனத்தில் சீராகக் கலக்க வேண்டும். மாட்டுக்கு வாய்வழி மருந்து கொடுக்கும் நாட்களில் கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்; சில மருந்துகளையும் இது பிடித்துவைத்துக்கொள்ளும்.

இது நஞ்சை அழிப்பதில்லை. சோதனைகளில் பாலில் இறங்கும் நஞ்சு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சிலவற்றில் அதற்கும் மேல் குறைந்தது. முழுவதும் நீங்கவில்லை. வேறு பல பூசண நஞ்சுகளை இது அவ்வளவாகப் பிடிப்பதுமில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியப் பூசணம் பிடித்த பிண்ணாக்குக்குப் பொடி மருந்தாகாது. அதைக் கோழிக்கும் போடாமல் புதைத்துவிடுங்கள். நஞ்சுத் தீவனத்தை நிறுத்திய மூன்று நான்கு நாட்களில் பால் பெரிதும் தேறிவிடும்.

நம் நாஞ்சில் நாட்டில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. காற்றில் ஈரம் குறைவதே இல்லை. கன்னிப்பூ அறுப்பு வைக்கோல் பெரும்பாலும் மழையில் மாட்டிக்கொள்கிறது. எனவே நம் முதல் வேலை உலர்த்துவதுதான். கொப்பரையை ஈரம் 6 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைத்து ஆட்டுங்கள். அரைகுறையாகக் காய்ந்த கொப்பரையின் பிண்ணாக்கே பூசணத்துக்கு விருந்து. மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். 15 நாள் தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். வைக்கோலைக் காயவைத்தபின் மேடான இடத்தில் படப்பு போடுங்கள். ஐயம் இருந்தால் மூட்டையின் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்த மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கலாம்.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு என் பதில் இதுதான்: பொடி உதவும். ஆனால் வெயிலும் பலகையும் செய்யும் வேலையை அது செய்யாது. நல்ல தீவனத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிய சிறிதளவு நஞ்சுக்கு அது காவல். கெட்டுப்போன தீவனத்தை விற்கவோ கொடுக்கவோ அதைச் சாக்காக்க வேண்டாம்.