வாழ்த்தும் வாசற்படியும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

மாரி மழையையும் வாடைக் காற்றையும் பொருட்படுத்தாது இம்மண்டபத்தில் வந்து கூடியிருக்கின்றீர்கள். இன்னுஞ் சில நாட்களில் திருவெம்பாவைக் காலந் தொடங்கவிருக்கின்றது. அதனைத் தொடர்ந்து தைப்பொங்கல் வரும். வாழ்த்துக்கள் எங்கும் பறந்து திரியும் இக்காலத்தில், வாழ்த்து என்பதுதான் யாது, அதனை நாம் எவ்வாறு வழங்குகின்றோம் என்பதைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

நமது திருகோணமலை, கோணேசப் பெருமானின் திருவடியில் அமைந்த நகர். அதே வேளையில் அது ஒரு துறைமுக நகர். துறைமுகத்திற்கு ஒரு சமயத்தார் மாத்திரம் வருவதில்லை. பத்திரகாளி அம்பாள் ஆலயத்தின் மணியோசையும், பள்ளிவாசலின் பாங்கோசையும், புனித மரியாள் பேராலயத்தின் மணியும், விகாரையின் பிரித் ஓதலும் ஒரே காற்றில் கலந்து வரும் ஊர் இது. டிசம்பர் மாதத்து முழுமதி நாளை, சங்கமித்தை வெள்ளரசுக் கிளையை இலங்கைக்குக் கொணர்ந்த நாளாகப் பௌத்த மக்கள் உந்துவப் போயா என்று கொண்டாடுகின்றனர். அம்முழுமதியை ஒட்டியே நமது திருவாதிரையும் வருவதுண்டு. 25 ஆம் திகதி நத்தார். நோன்புப் பெருநாளோ பிறையைத் தொடர்ந்து ஆண்டுதோறும் நகர்வது. 2000 ஆம் ஆண்டில் அது ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பரில் ஒருமுறையுமாக இருதரம் வந்தது. அவ்வாண்டில் பலகாரத் தட்டுக்கள் வேலிக்கு இப்பாலும் அப்பாலும் ஓயாது சென்று வந்தன.

இக்காலம் கொண்டாட்டக் காலம் மாத்திரமன்று, அச்சக் காலமுமாகும். வாடை வீசத் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். சிறு தோணிக்காரருக்குத் தொழில் குறையும், அடுப்பெரிவதும் அருமையாகும். சோழமண்டலக் கரையில் புகலிடங் காணாத பாய்க்கப்பல்கள் இப்பருவத்திலேயே நமது துறைமுகத்தை நாடின. ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதன்பொருட்டு ஒருவரோடொருவர் பொருதமைக்கு அதுவும் ஒரு காரணமாகும். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22, 23 ஆம் திகதிகளில் திருகோணமலையைச் சிதைத்த சூறாவளியே, கடலுக்கு அப்பால் தனுஷ்கோடியையும் அழித்துச் சென்றது. புயலுக்குப் பின் துறைமுகத்தில் முதலில் நடைபெறுவது யாது? திரும்பிய தோணிகளை எண்ணுதல். எது வந்தது, எது வரவில்லை என்று கரையில் நின்று பார்த்தல். இதனைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

நம் முன்னோர் வாழ்த்தினை வெறும் இன்சொல்லாகக் கருதவில்லை. தொல்காப்பியனார் செய்யுளியலிலே புறநிலை வாழ்த்து என ஒன்றினைக் கூறுகின்றார். அதன் கருத்து வியப்பிற்குரியது. வாழ்த்துபவன், தான் வணங்குந் தெய்வம் காக்கட்டும் என்று கூறுவதில்லை. வாழ்த்தப்படுபவன் வழிபடுந் தெய்வம் அவனைக் காக்கவும், அவன் குற்றமற்ற செல்வத்தோடு வழிவழியாகச் சிறக்கவும் வேண்டுமென்றே வாழ்த்துகின்றான். நான்கு சமயத்தார் கூடி வாழும் ஊருக்கு இதனைவிடப் பொருத்தமான வாழ்த்து வேறுண்டோ? அயல்வீட்டு அந்தோனியாரின் அடியவரை அந்தோனியார் காக்கட்டும் என நாம் வாழ்த்துவதனால் நமது சைவம் குறைந்துவிடுவதில்லை. அவ்வாறு வாழ்த்துதலே தமிழ் மரபு என்க.

இனி, மார்கழிக்கு வருவோம். மணிவாசகப் பெருமான் திருவண்ணாமலையில் அருளிய திருவெம்பாவை இருபது பாடல்களைக் கொண்டது. அதன் முதற்பகுதி, பெண்கள் வீடு வீடாகச் சென்று தம் தோழியரைத் துயிலெழுப்புவதாக அமைந்துள்ளது. நான்காம் பாடலை ஊன்றி நோக்குங்கள். உள்ளே படுத்திருப்பவள், எல்லோரும் வந்துவிட்டார்களா என்று கேட்கின்றாள். வெளியே நிற்பவர்கள், எண்ணிப் பார்த்துச் சொல்கின்றோம் என்கின்றனர். பின்னர், எம்மால் இயலாது, நீயே எழுந்து வந்து எண்ணிப்பார், குறைந்திருந்தால் மீண்டும் போய்த் துயில்க என்று நகையாடுகின்றனர். விளையாட்டுப் போலத் தோன்றும் இவ்வுரையாடலில் ஆழ்ந்த பொருள் உண்டு. இறைவனை வாழ்த்தப் புறப்பட்ட கூட்டம், முதலில் தன்னவரை எண்ணுகின்றது. ஒருத்தி குறைந்தாலும் அவள் வாசலில் நிற்கின்றது. அவளை விட்டுவிட்டு நீராடச் செல்வதில்லை.

இம்மரபினையே நமது ஊர் இளைஞர்கள் பத்து நாட்கள் பேணி வந்தனர். விடியுமுன் எழுந்து, சங்கு ஊதி, சேமக்கலம் அடித்து, வீதி வீதியாகப் பாடிச் சென்றனர். ஊரடங்கு நிலவிய போர்க்காலத்தில் அவ்வொலி அடங்கிப்போன வீதிகளும் உண்டு. பின்னர் அது மீண்டும் எழுந்தது. கடல் கடந்து சியாம் தேசத்திற்குச் சென்ற இப்பாவைப் பாடல், பாங்கொக் நகரத்து அந்தணர்களின் திரியம்பாவாய் என்னும் விழாவாக இன்றும் அங்கே நிலைத்திருக்கின்றது. அதனோடு சேர்ந்து நிகழ்ந்த பேரூஞ்சல் ஆட்டம் 1935 இல் நிறுத்தப்பட்டது. ஓதுதல் மாத்திரம் நிற்கவில்லை. அத்துணை நெடுந்தூரம் சென்ற பாடல், நமது ஒழுங்கைகளின் கடைசி வீடு வரையிற் செல்கின்றதா என்பதே நமது வினா.

மேனாட்டிலும் வாழ்த்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1843 இல் இலண்டன் நகரில் ஹென்றி கோல் என்பார், தம் நண்பர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமின்றி, ஓவியர் ஒருவரைக்கொண்டு ஒரு படம் வரைவித்து, அதனை அச்சிற் பதித்து அனுப்பினார். எஞ்சியவை ஒரு ஷில்லிங் வீதம் விற்கப்பட்டன. அதுவே முதலாவது நத்தார் வாழ்த்து அட்டை என்பர். பிற்காலத்தில் நமது தபாற்காரரும் பொங்கல் வாழ்த்து அட்டைகளைக் கட்டுக் கட்டாகச் சுமந்தார். இப்பொழுது அட்டையும் போய்க் கைத்தொலைபேசி வந்துவிட்டது. ஒரு விரல் அசைவில் ஒரு படம் நூறு பேருக்குச் செல்கின்றது. இதனை நாம் பழிக்கவில்லை. தொலைவிலுள்ளோருக்கு இது பெரும் வரமே. ஆயின் எதிர்வீட்டுக்காரருக்கும் இதுவே போதுமென்று நாம் எண்ணத் தலைப்பட்டதுதான் பிழை.

இனிக் கூறப்போவது சற்றுக் கசக்கும். தொல்காப்பியர் கூறும் வாழ்த்துக்களில் வாயுறை வாழ்த்து என்பதும் ஒன்று. அது முதலிற் கைத்துப் பின்னர் மருந்தாவது. இதனையும் அவ்வாறே கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பிழை வேறெவருடையதுமன்று, நம்முடையது.

சென்ற தைப்பொங்கலன்று நாம் வாழ்த்துப் படம் ஒன்றினை அழகாக ஆக்கி, உறுப்பினர் அனைவருக்கும் அனுப்பினோம். எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது என்று மகிழ்ந்தோம். நமது பாட்டுக் குழுவில் நெடுங்காலம் சேமக்கலம் அடித்த முதியவர் ஒருவருக்கும் அது போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில், மனைவியார் காலமாகிவிட்டார், தனியே வசிப்பவர். அவரிடமிருந்து மறுமொழி வரவில்லை. அதனை நாம் கவனிக்கவுமில்லை. நான்கு நாட்களின் பின்னரே, அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து வைத்தியசாலையிற் கிடக்கின்றார் என அறிந்து ஓடினோம். அங்கே கட்டிலருகே கஞ்சிப் போத்தலுடன் இருந்தவர் அடுத்த வளவு உம்மா ஒருவர். உங்களுக்கு எப்படித் தெரியவந்தது என்று கேட்டோம். அவர் சொன்ன மறுமொழி இதுதான்:

"தம்பிமார், வருசம் தவறாமப் பொங்கலண்டைக்கு ஐயா தட்டோட வேலியடிக்கு வருவார். இந்த வருசம் பத்து மணியாகியும் ஆளைக் காணல்ல. மனசு கேக்கல்ல. அதுதான் மகனை விட்டு எட்டிப் பார்க்கச் சொன்னன்."

அன்பர்களே, நாம் வாழ்த்து அனுப்பினோம், ஆளைக் காணவில்லை. அவருக்கோ வாழ்த்து வரவில்லை. அது வராததனாலேயே ஓர் உயிரைக் கண்டுகொண்டார். கையிலிருந்து கைக்குச் செல்லும் வாழ்த்திற்கும் காற்றிற் பறக்கும் வாழ்த்திற்கும் உள்ள வேறுபாடு இதுவேயாம். வாசலுக்கு வரும் வாழ்த்து ஒரு நாள் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று ஒரு நெஞ்சம் பதறும். ஐயா சுகமடைந்து இன்று இவ்வவையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். இதனைக் கூற அவரே எமக்கு அனுமதி தந்தார்.

இவ்வூருக்கு இப்பாடம் புதியதுமன்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதியை நாம் மறத்தல் கூடுமோ? அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். முதல் நாள்தான் நத்தார். முதல் நாள் மாலை தட்டுக் கொடுத்துத் தட்டு வாங்கிய கரையோர வீடுகளுக்குள், மறுநாட் காலையிற் கடல் புகுந்தது. இலங்கை முழுவதிலும் 30,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நமது மாவட்டத்தில் கிண்ணியாவும் மூதூரும் பெருந்துயர் கண்டன. கிண்ணியா வைத்தியசாலையே அழிந்தது. கோயில் மண்டபமும் பள்ளிவாசலும் தேவாலயமும் பாடசாலையும் பேதமின்றிப் புகலிடமாயின. அன்று யாவருடைய வாயிலும் இருந்தது ஒரே வினா: யார் வந்தார், யாரைக் காணவில்லை? பதிவேட்டிற் குடும்பத்தின் பெயர்கள் இருந்திருக்கலாம். ஆயின், விடுமுறைக்கு வந்து தங்கியிருந்த பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் என்பது, முதல் நாள் அவ்வீட்டு வாசலுக்கு வாழ்த்தச் சென்றவர்களுக்கே தெரிந்திருந்தது. மணிவாசகர் பாடலிலே தோழியர் எண்ணியதைப் போல, அன்று அயலவர் எண்ணினர். எண்ணத் தெரிந்தவர்களாலேயே தேடவும் முடிந்தது.

ஆதலால், இவ்வாண்டு முதல் மூன்று காரியங்களை நாம் மேற்கொள்ள வேண்டுமென இச்சபையின் முன் பணிவுடன் வைக்கின்றோம்.

முதலாவது, திருவெம்பாவைக் காலத்தில் நமது பாட்டுக் குழு பெருவீதியோடு திரும்பிவிடாது, ஒழுங்கைகளின் கடைசி வாசல் வரையிற் செல்லுதல் வேண்டும். தனித்திருக்கும் முதியோரின் வீட்டுப் படலையில் ஒரு பாடல் நின்று பாடுதல் வேண்டும். உள்ளே விளக்கு ஏற்றப்படும் வரையில் அப்பால் நகரலாகாது. நோயாளர் உள்ள வீடாயின் சங்கினை மெதுவாக ஊதுக, செல்லாது விட்டுவிடற்க.

இரண்டாவது, நத்தார், நோன்புப் பெருநாள், வெசாக் ஆகிய நாட்களில் நம் உறுப்பினர் இருவர் இருவராக அயலவர் வீடுகளுக்கு நேரிற் சென்று, அவரவர் வழிபடுந் தெய்வம் அவரவரைக் காக்க என வாழ்த்தி வருதல் வேண்டும். 2009 இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன் ஓடத்திற் காத்திருந்து சென்றவர் நமது பெரியோர். இப்பொழுது பாலம் உண்டு. செல்வதற்கு மனம் வேண்டும்.

மூன்றாவது, கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளின் வாழ்த்துக்களையும் வீணாக்கலாகாது. கனடா நாட்டுப் பாராளுமன்றம் 2016 இல் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. உறைபனியில் நின்றும் அவர்கள் பொங்கலை மறக்கவில்லை. அவர்கள் நமக்கு அனுப்பும் வாழ்த்தினைத் தொலைபேசியிற் பார்த்துவிட்டு மூடிவிடாது, நம் உறுப்பினர் ஒருவர் அதனை அவர்களுடைய தாய் தந்தையரின் வாசலுக்கு எடுத்துச் சென்று படித்துக் காட்டட்டும். திரும்பி வந்து, அம்மாவைக் கண்டோம், நலமாயிருக்கின்றார் என்று மறுமொழி எழுதட்டும். அந்த ஒரு வரிக்காக அங்கே எத்தனை பிள்ளைகள் ஏங்குகின்றனர் என்பதைப் பெற்றவர்கள் அறிவார்கள்.

இவற்றிற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியும், இரண்டு சோடிக் கால்களும், விடியுமுன் எழும் உறுதியும் போதும். கொப்பியில் வீடுகளை எழுதுங்கள். சென்ற வீட்டிற்கு நேரே ஒரு புள்ளடி இடுங்கள். புள்ளடி இல்லாத வீடு நமது உறக்கத்தைக் கெடுக்கட்டும். இளைஞர்களுக்கு வழிகாட்டப் பெரியோர்களும் முன்வருதல் வேண்டும். எந்த ஒழுங்கையில் எந்த வீடு என்பதை அவர்களே நன்கு அறிவார்கள். முன்வரிசையில் இருக்கும் நமது ஐயா, இம்முறையுஞ் சேமக்கலத்தைத் தம்மிடமே தரவேண்டுமென்று கேட்டிருக்கின்றார். நடக்க இயலாவிடினும் தம் வாசலில் அமர்ந்து, குழு வரும்பொழுது ஒருமுறை அடிப்பாராம். அவ்வொலியைக் கேட்கும்பொழுது, ஒருவர் குறையவில்லை என்று நாம் அறிந்துகொள்வோம்.

நீங்கள் வழிபடுந் தெய்வம் உங்களைக் காப்பதாகுக. உங்கள் வழிமுறை சிறப்பதாகுக. கோணேசப் பெருமானின் திருவருளால் வரும் தை அனைவருக்கும் நலந் தருவதாகுக என்று வாழ்த்தி அமர்கின்றோம்.