புடவைக்கு மேல் சட்டை



பட்டமளிப்பு விழாவின் கறுப்பு அங்கிக்குள் எல்லோரும் வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறோம். கணப்பு இல்லாத ஐரோப்பியக் கல்மண்டபங்களில், குளிர் தாங்க முடியாமல் படித்தவர்கள் போர்த்திக்கொண்டது இது. அங்கே அதற்கு வேலை இருந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த இந்தக் கூரத்து வெயிலில் அதற்கு என்ன வேலை என்று, உடை வடிவமைப்பு படித்து இன்று பட்டம் வாங்கும் நீங்களாவது கேட்டிருக்க வேண்டும். 2010இல் போபாலில் நடந்த ஒரு பட்டமளிப்பு விழாவில், அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மேடையிலேயே அங்கியைக் கழற்றினார். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. அதனால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

காலையில் உங்கள் கண்காட்சியைப் பார்த்தேன். நகரத்து உழைப்பாளிகளை மனதில் வைத்துச் செய்த உடைகள். சாப்பாடு டெலிவரி செய்கிறவர்களுக்கு என்று ஒரு ஜாக்கெட், அதில் பன்னிரண்டு பாக்கெட். அதைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் பைக் ஓட்டுகிற மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். கைக்கு எட்டியது இரண்டே இரண்டு. கையை முன்னால் நீட்டியதும் முதுகு இறுகியது, பின்பக்கம் மேலேறியது. முதுகில் ஒரு மடிப்பும், கீழே நாலு விரல் நீளமும் கூடுதலாகக் கொடுத்திருந்தால் போதும். இத்தனைக்கும் உள்ளே பாலியெஸ்டர் லைனிங். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசே 2024இல் மாநிலப் பேரிடர் என்று அறிவித்துவிட்டது. சித்திரை மத்தியானத்தில் சிக்னலில் நிற்கிறவர் இதைப் போட்டுக்கொண்டு எத்தனை நிமிஷம் தாங்குவார்?

படத்தைப் பார்த்து வரைந்த உடை அது. தைத்த கை நல்ல கை, அதில் சந்தேகமே இல்லை.

நம் தெருவில் ஓர் உழைப்புடை ஏற்கெனவே இருக்கிறது. எந்த வடிவமைப்பாளர் பெயரும் அதன்மேல் இல்லை. துப்புரவுப் பணியாளர், சித்தாள், நடவுக்குப் போகிறவர் எல்லோரும் உடுத்துவது அது: புடவைக்கு மேல், வீட்டு ஆம்பிளையின் பழைய முழுக்கைச் சட்டை. முந்தானை காற்றில் பறக்காது, கையில் வெயில் படாது, கம்பி கீறாது. தலையில் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்தால் உடை முழுமையாகிவிடும். காஞ்சிபுரத்தில் வீடு கட்டுகிற இடத்தில் ஓர் அம்மாவிடம், “எதுக்கும்மா இந்தச் சட்டை?” என்று கேட்டேன். “சிமெண்டு பட்டா அரிக்கும் சார். போன் வைக்க பாக்கெட்டும் ஆச்சு” என்றார். அதே சட்டை அவருக்குத் தோளில் தொங்குகிறது, கையை இரண்டு சுற்று மடித்துவிட்டிருக்கிறார், பொத்தான் பாதி இல்லை. அவர் உடம்புக்கென்று யாரும் அதைத் தைத்ததில்லை. உங்கள் கண்காட்சியில் நான் தேடிக் கிடைக்காமல் போனது அந்தச் சட்டைதான்.

பாக்கெட் என்றதும் இந்த ஊர்க் கதை ஒன்று. இராமானுசரின் சீடரான கூரத்தாழ்வான் செல்வத்தையெல்லாம் விட்டுவிட்டுத் திருவரங்கத்துக்குப் புறப்படுகிறார். காட்டுவழியில் மனைவி ஆண்டாள் அஞ்சுகிறார். “மடியில் கனமுண்டோ?” என்று கேட்கிறார் ஆழ்வான். கணவர் உண்பதற்காக ஒரு பொன்வட்டிலை மடியில் முடிந்து எடுத்துவந்திருக்கிறார் அந்த அம்மாள். ஆழ்வான் அதை வாங்கி எறிந்துவிட்டார் என்கிறது வைணவக் குருபரம்பரை நூல். வைராக்கியத்தைச் சொல்லும் கதை இது. எனக்கென்னவோ அந்த மடியின்மேல்தான் கண் போகிறது. ஒரு பொன்வட்டிலை யாருக்கும் தெரியாமல் அவ்வளவு தூரம் தாங்கிய பை அது! ஆண்களின் பட்டாபட்டி அண்டர்வேரில்கூட ஆழமான பை வைத்துத் தைத்தார்கள். பெண்கள் மட்டும் இன்னும் பர்ஸை ரவிக்கைக்குள் செருகிக்கொள்கிறார்கள். துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்காரும் உரிமை கிடைக்கவே 2021இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அவர்களுடைய சீருடையில் ஒரு பாக்கெட் வைக்கச் சட்டம் தேவையில்லை, நீங்கள் போதும்.

நீங்கள் எல்லோரும் போடுகிற ஜீன்ஸும் இப்படித்தான் வந்தது. அமெரிக்காவின் ரீனோ நகரத்தில் ஜேக்கப் டேவிஸ் என்றொரு தையல்காரர். சீக்கிரம் கிழியாத கால்சட்டை வேண்டும் என்று ஒரு விறகுவெட்டியின் மனைவி அவரிடம் வந்து கேட்டார். குதிரைப் போர்வைக்கு அடிக்கிற செப்பு ரிவெட் பக்கத்தில் கிடந்தது. அதையே பாக்கெட் மூலைகளில் அடித்துக் கொடுத்தார். துணி கொடுத்த லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20 அன்று காப்புரிமை வாங்கினார். வேலைக்காரருக்குத் தைத்ததை ஊரே பிறகு ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டது.

நம் லுங்கித் துணியும் கடல் தாண்டியது. 1958இல் மெட்ராஸ் கட்டம் என்ற அந்தத் துணி அமெரிக்காவின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையாகத் தொங்கியது. சாயம் போகும், குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டும் என்பதை வாங்கியவர்களிடம் யாரும் சொல்லவில்லை. துவைத்ததும் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே ரகளை. கடைசியில் சாயம் போவதையே பெருமையாக விளம்பரம் செய்து பிழைத்தார்கள். வேடிக்கையான கதைதான். ஆனால் துவைப்பதை நினைக்காமல் தைத்தவர்கள் இன்றும் நிறைய இருக்கிறார்கள். உழைக்கிறவரிடம் இருப்பது இரண்டு செட். ராத்திரி அலசிப் போட்டால் விடிவதற்குள் காய வேண்டும். உங்கள் கண்காட்சியில் இருந்த கனத்த கான்வாஸ் ஐப்பசி மழையில் மூன்று நாளானாலும் காயாது. மெட்ராஸ் கட்டம் போன்ற மெல்லிய பருத்தி காயும்.

அந்தத் துணிக்கு வெகுதூரம் போக வேண்டாம். பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் ஏழாம் நூற்றாண்டுக் கூரம் செப்பேட்டிலேயே செக்கோடு தறியும் பேசப்படுகிறது. இந்த வட்டாரத்துத் தறிகள் இன்று பட்டுக்குப் பேர்போனவை. பருத்தி நூலை ஏற்ற மாட்டேன் என்று அவை ஒருநாளும் சொன்னதில்லை. நெசவாளரிடம் போய், இவ்வளவு லேசாக, இவ்வளவு உழைக்கிற மாதிரி வேண்டும் என்று கேளுங்கள். முதல் சட்டையைத் தைத்ததும் மேடைக்கு அனுப்பாதீர்கள். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் பூ விற்கிற அம்மாவுக்கோ, ஆட்டோ ஓட்டுகிற அண்ணனுக்கோ ஒரு மாதம் கொடுங்கள். திரும்பி வரும்போது எந்தத் தையல் விட்டிருக்கிறது, எந்தப் பாக்கெட் தொடாமலே கிடக்கிறது என்று பாருங்கள். போட்டுப் பார்த்ததற்கு அவருக்குக் கூலியும் கொடுத்துவிடுங்கள்.