டு-லெட் போர்டு தொங்குது, வீடு மட்டும் கிடைக்கல: தில்லை நகர் வாடகைக் கணக்கு

(இது எங்கள் ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடுல முதல் வேலை, முதல் சம்பளம் பத்திப் பேசினோம். இன்னைக்கு அந்தச் சம்பளத்துல பெரிய பங்கைத் தின்னுட்டுப் போற விஷயம்: வீட்டு வாடகை. ஆனா பேச்சிலர் ரூம் கதை இல்ல. ஒரு குடும்பம், மாசம் பதினஞ்சாயிரம் ரூபாய்க்குள்ள வருமானம், திருச்சி தில்லை நகர் பக்கம் வீடு தேடுது. அவங்க எங்கெல்லாம் முட்டி நிக்கிறாங்கன்னு பார்ப்போம்.

ஏன் தில்லை நகர்? திருச்சிக்காரங்களுக்கு விளக்கவே வேணாம். வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். கிராஸ் கிராஸா நீளுற தெருக்கள், ரெண்டு கிராஸுக்கு ஒரு ஆஸ்பத்திரி, லேப், மருந்துக்கடை, ஜவுளிக்கடை, கோச்சிங் சென்டர். ஊர்லயே விலை கூடின இடங்கள்ல ஒண்ணு. இந்த இடம் ஓடுறதுக்கு எத்தனை பேர் வேணும்னு யோசிங்க. ஆஸ்பத்திரில ஆயாம்மா, வார்டு பாய், கடைல சேல்ஸ் கேர்ள், அபார்ட்மென்ட் வாட்ச்மேன், வீட்டு வேலை செய்ற அக்கா. இவங்க எல்லாம் காலைல இங்க வர்றாங்க. ராத்திரி இங்க தங்க முடியறது இல்ல. தென்னூர், உறையூர், புத்தூர்னு பக்கத்துல தேடி, அங்கயும் வாடகை ஏறினதும் இன்னும் தள்ளிப் போறாங்க.

முன்னாடி இதே ஏரியாவுல பழைய வீடுகளோட பின்பக்கம் ஒரு போர்ஷன் இருக்கும். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, பொதுக் குழாய். சின்ன வாடகை. அந்தப் பழைய வீட்டை இடிச்சு அபார்ட்மென்ட்டோ கிளினிக்கோ கட்டும்போது முதல்ல காணாமப் போறது அந்தப் போர்ஷன்தான். யாரும் திட்டம் போட்டு ஏழைகளைத் துரத்தல. ஆனா அவங்க இருந்த இடம் கணக்குல இல்லாமப் போயிடுச்சு.

முதல் சுவர்: அட்வான்ஸ்

வாடகை கட்ட முடியுமாங்கிறது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, உள்ள நுழையக் கையில பணம் இருக்கா? ஒரு கணக்கு போடுவோம். வாடகை ஆறாயிரம்னு வச்சுக்கங்க. சென்னைல பத்து மாச அட்வான்ஸ்ங்கிறது ரொம்ப காலமா எழுதாத சட்டம். அதே மாதிரி கேட்டா அறுபதாயிரம். அஞ்சு மாசம்னா முப்பதாயிரம். அதோட புரோக்கருக்கு ஒரு மாச வாடகை, சாமான் ஏத்தற வண்டிக்கூலி, முதல் மாச வாடகை. மாசம் பதினஞ்சாயிரம் வர்ற வீட்டுல இதைச் சேர்த்து எடுத்து வைக்க எத்தனை வருஷம் ஆகும்? அதனால தாலிக்கொடி அடகுக்குப் போகும், இல்லன்னா குழுக்கடன். அப்புறம் வாடகையோட சேர்ந்து வட்டியும் ஓடும்.

இதுக்குச் சட்டம் இல்லையான்னு கேட்டா, இருக்கு. தமிழ்நாடு அரசு 2017-ல சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம் கொண்டு வந்தது. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலா வந்தது இது. 2019 பிப்ரவரி 22-லிருந்து நடைமுறையில் இருக்கு. அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. கேட்க நல்லா இருக்குல்ல? ஆனா அந்த வரி ஆரம்பிக்கிறதே, 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய' அப்படிங்கிற பொருள்ல. அதாவது ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா பத்து மாசமும் வாங்கலாம். வீடு கிடைச்சாப் போதும்னு நிக்கிறவங்க எந்தப் பேப்பர்லதான் கையெழுத்துப் போட மாட்டாங்க?

ஜெர்மனில அட்வான்ஸ் அதிகபட்சம் மூணு மாச வாடகைதான். அதையும் மூணு தவணையாக் கொடுக்க வாடகைதாரருக்கு உரிமை இருக்கு. 'தவணை'ங்கிற அந்த ஒரு வார்த்தை நம்ம ஊர்ல சட்டத்துல வந்தா எத்தனை நகை அடகுக்கடைக்குப் போகாம இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஒத்தி வீடு: நிம்மதியா, பொறியா?

மாச வாடகையே வேணாம்னு சிலர் ஒத்திக்குப் போறாங்க. நம்ம லிசனர்ஸ்ல பாதிப் பேர் வீட்டுல இந்த வார்த்தையைக் கேட்டிருப்பீங்க. மொத்தமா மூணு லட்சமோ நாலு லட்சமோ ஓனர்கிட்ட கொடுத்துடணும். ரெண்டு மூணு வருஷம் வாடகை இல்லாம இருக்கலாம். காலி பண்ணும்போது பணம் திரும்ப வரும். மாசா மாசம் வாடகை கொடுக்கிற பயம் இல்ல, அதனால நிம்மதி.

சிக்கல் எங்கன்னா, அந்தப் பணத்தை ஓனர் சும்மா வச்சிருக்க மாட்டார். மக கல்யாணமோ, வியாபாரமோ, செலவாகியிருக்கும். திருப்பிக் கொடுக்க அடுத்த ஒத்திக்காரர் வந்தாத்தான் உண்டு. அந்த வீடே பேங்க்ல அடமானத்துல இருந்து தவணை நின்னு போனா, பேங்க் நோட்டீஸ் கதவுல ஒட்டும்போதுதான் குடியிருக்கிறவங்களுக்கு விஷயமே தெரியும். சட்டப்படி ஒத்தி ஒரு வகை அடமானம், பதிவு பண்ணணும். ஆனா நிறையப் பேர் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி, ரெண்டு சாட்சிக் கையெழுத்தோட நிறுத்திடறாங்க. அதனால ஒத்திக்குப் போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை ரெண்டு. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. பத்திரத்தைப் பதிவு பண்ணுங்க. செலவாகுதேன்னு தோணும். போகப்போறது நாலு லட்சம்னா அந்தச் செலவு சின்னது.

பதினோரு மாசம்

அக்ரிமென்ட் எல்லாம் ஏன் பதினோரு மாசம்னு யோசிச்சிருக்கீங்களா? ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையைப் பதிவு பண்ணணும்னு 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டம் சொல்லுது. அதைத் தவிர்க்கத்தான் பதினொண்ணு. புதுச் சட்டத்துல அந்த வேலை நடக்காது. எவ்வளவு காலமா இருந்தாலும் எழுத்துல ஒப்பந்தம் வேணும், வாடகை அதிகார அமைப்புல பதியணும். அதுக்கு இணையதளமும் இருக்கு, பதிஞ்சா ஒரு எண் கிடைக்கும். ஆனாலும் சின்ன வீடுகள்ல வாய்ப்பேச்சுதான் இன்னும் ஒப்பந்தம்.

பதியாம இருந்தா யாருக்கு நஷ்டம்? காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள அட்வான்ஸைத் திருப்பணும், தண்ணி, கரன்ட்டை நிறுத்தி ஆளைக் காலி பண்ண வைக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது. இதையெல்லாம் கேட்டு நிக்க ஒரு காகிதம் வேணும். துணை ஆட்சியர் நிலைல இருக்கிற அதிகாரிகிட்ட போய், 'எங்க ஓனர் நல்லவர்னு நினைச்சு எழுதி வாங்கலைங்க'ன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

கரன்ட் பில்லுல நடக்கிற கணக்கு

இதை யாரும் பெருசாப் பேசறது இல்ல. 2016-லிருந்து வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் இலவசம். இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு இல்ல. ஒரு காம்பவுண்டுல நாலு குடித்தனம், ஒரே மீட்டர்னு வச்சுக்கங்க. ஆளுக்கு நூத்தம்பது யூனிட், மொத்தம் அறுநூறு. தனித்தனி மீட்டர் இருந்தா நாலு பேருக்கும் சேர்த்து நானூறு யூனிட் இலவசமா வரும். ஒரே மீட்டர்னா நூறுதான். அதோட மொத்தம் ஐந்நூறைத் தாண்டினதால விகிதமும் மேல ஏறும். அப்புறம் ஓனர் சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவுன்னு அவரே ஒரு ரேட் சொல்வார். அரசு கொடுக்கிற சலுகை ஏழைகள் கைக்குப் போறதுக்கு முன்னாடியே கரைஞ்சு போகுது.

'நீங்க எந்த ஆளுங்க?'

பணம் இருந்தாலும் தாண்ட முடியாத சுவர் இது. தில்லை நகர்லயும் கேப்பாங்க, ஸ்ரீரங்கத்துலயும் கேப்பாங்க. 'எந்த ஊர்?'னு ஆரம்பிச்சு, 'அசைவம் சாப்பிடுவீங்களா?'ன்னு வந்து, பேர்ல போய் நிக்கும். சுகதேவ் தோரட்டும் அவரோட குழுவும் தில்லி சுற்றுவட்டாரத்துல பண்ணின ஆய்வு 2015-ல வெளிவந்தது. ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம், பேர் மட்டும் வேற. அப்படி வீட்டு ஓனர்களுக்கு ஃபோன் பண்ணினாங்க. தலித் பேர்ல பேசினவங்கள்ல 18 சதவீதம் பேருக்கும், முஸ்லிம் பேர்ல பேசினவங்கள்ல 31 சதவீதம் பேருக்கும் நேரடியா இல்லைன்னு பதில். இன்னும் நிறையப் பேருக்கு வீடு உண்டு, ஆனா கூடுதல் நிபந்தனையோட.

அரசியல் சட்டத்தோட 15-வது பிரிவு கடை, ஹோட்டல், கிணறு, குளத்துல பாகுபாடு காட்டக் கூடாதுங்குது. தனியார் வாடகை வீட்டைப் பத்தி அங்க பேச்சே இல்ல. நம்ம 2017 சட்டத்துலயும் இல்ல. அதனால 'வீடு கொடுத்தாச்சுங்க'ன்னு ஒரு பொய் போதும். போர்டு மறுநாளும் அங்கயேதான் தொங்கும்.

ஓனர் பக்கமும் கொஞ்சம்

ஓனர் எல்லாரும் வில்லன் இல்ல. ரிட்டயர் ஆன ஒருத்தர், மாடி போர்ஷன் வாடகைலதான் மருந்து வாங்கறார். குடியிருக்கிறவர் ஆறு மாசம் கொடுக்காம உட்கார்ந்தா, கேஸ் போட்டு முடிய எவ்வளவு நாள் ஆகும்னு பயம். 1960 சட்ட காலத்துல வருஷக்கணக்கா இழுத்த கதைகள் ஒவ்வொரு தெருவுலயும் இருக்கு. அந்தப் பயத்தோட விலைதான் பத்து மாச அட்வான்ஸ். பூட்டியே வச்சிருக்கிறதுக்கும் அதுதான் ஒரு காரணம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல இந்திய நகரங்கள்ல ஒரு கோடியே பத்து லட்சம் வீடுகள் காலியா இருந்தது. அடுத்த வருஷமே மத்திய அரசோட தொழில்நுட்பக் குழு, நகரங்கள்ல சுமார் ஒரு கோடியே 88 லட்சம் வீடு பற்றாக்குறைன்னு சொன்னது. அதுல 95 சதவீதத்துக்கு மேல ஏழைகளும் குறைஞ்ச வருமானக்காரங்களும்தான். பூட்டின வீடும் வீடில்லாத குடும்பமும் ஒரே ஊர்ல.

அரசு என்ன பண்ணுது?

நம்ம அரசுகளுக்கு 'வீடு'ன்னாலே சொந்த வீடுதான். குடிசை மாற்று வாரியம் 1970-ல வந்தது, இப்போ பேர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். சென்னைல கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு கட்டினாங்க. வீடு கிடைச்சது, வேலை இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போச்சு. திருச்சிலயும் மதுரை ரோடு பக்கம் நாகமங்கலத்துல அடுக்குமாடி கட்டினாங்க. தில்லை நகர்ல காலைல ஆறு மணிக்குப் பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு அங்கயிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்குங்கிறதுதான் வீட்டோட உண்மையான விலை.

2020 ஊரடங்குல தொழிலாளிங்க நடந்தே ஊருக்குப் போனதைப் பார்த்த பிறகுதான் மத்திய அரசு கட்டுப்படியாகும் வாடகைக் குடியிருப்புத் திட்டம் கொண்டு வந்தது. அரசு கட்டிக் காலியாக் கிடந்த சுமார் 83,000 வீடுகள்ல வாடகைக்கு மாறினது 5,600 சொச்சம்தான். 2024-ல வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2.0-லயும் வாடகைக்குன்னு ஒரு பிரிவு இருக்கு. தமிழ்நாட்டுல தோழி விடுதிகள் நல்லா நடக்குது, திருச்சிலயும் இருக்கு. வல்லம் வடகால்ல 18,720 தொழிலாளர்கள் தங்குற விடுதி 2024-ல திறந்தாங்க. எல்லாம் நல்லதுதான். ஆனா இந்த விடுதிகள் எல்லாம் தனி ஆளுக்குப் படுக்கை. புருஷன், பொண்டாட்டி, ரெண்டு பிள்ளை, ஒரு வயசான அம்மாவுக்கு அங்க இடம் இல்ல.

ஆஸ்திரியாவுல வியன்னா நகராட்சிகிட்ட மட்டும் சுமார் 2,20,000 வாடகை வீடுகள் இருக்கு, ஊருக்கு நடுவுலயும். நூறு வருஷ வேலை அது. நம்மால ஒரே நாள்ல முடியாது. ஆனா மாநகராட்சி, கட்டட அனுமதி கொடுக்கும்போதே பெரிய ஆஸ்பத்திரியும் ஜவுளிக்கடையும் அவங்க தொழிலாளிங்க எங்க தங்குவாங்கன்னு பதில் சொல்லணும்னு கேட்கலாம். வண்டி நிறுத்த இடம் எங்கன்னு கேட்கிறாங்க இல்ல? அதே மாதிரி.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. இதைக் கேட்கிற உங்கள்ல பல பேர் வாடகைக்கு இருக்கீங்க. சில பேர் வீட்டுல மாடிப் போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்காங்க. வாடகைக்கு இருக்கிறவங்க, உங்க அக்ரிமென்ட் பதிஞ்சிருக்கான்னு இந்த வாரம் பாருங்க. ஓனர் வீட்டுப் பிள்ளைங்க, அடுத்த தடவை யாராவது வீடு பார்க்க வரும்போது அப்பாவோ அம்மாவோ என்ன கேள்வி கேட்கறாங்கன்னு கவனிங்க. வேலை, வருமானம் தாண்டி வேற கேள்வி வந்தா, 'ஏம்ப்பா இதைக் கேட்கறீங்க?'ன்னு அங்கயே கேளுங்க. அட்வான்ஸ் மூணு மாசம் போதும்னு சொல்லுங்க, அதையும் தவணையா வாங்கலாம்னு சொல்லுங்க. சட்டம் மாற நாளாகும். உங்க வீட்டு மாடிப் போர்ஷன் விஷயத்துல முடிவு இன்னைக்கே எடுக்கலாம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.