சூட்டுக் கொப்புளம் என்று விட்டுவிடாதீர்கள்

(மகளிர் தினத்தையொட்டி நம் கிளப் ஹவுஸில் நடந்த பெண்கள் சந்திப்பில், நம் குடியிருப்பிலேயே வசிக்கும் மகப்பேறு மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



என்ன தலைப்பு என்று சங்கத்தில் கேட்டபோது, நோட்டீஸ் போர்டில் ‘பெண்கள் ஆரோக்கியம்’ என்று மட்டும் எழுதச் சொன்னேன். உண்மையான பெயரைப் போட்டிருந்தால் உங்களில் பாதிப் பேர் வந்திருக்க மாட்டீர்கள். இன்று பேசப்போவது பிறப்புறுப்பில் வரும் ஹெர்பீஸ் பற்றி. முகம் சுளிக்க வேண்டாம். ஒரு இருபது நிமிடம் கேளுங்கள்.

பங்குனி, சித்திரை வந்தால் என்னிடம் வரும் பெண்களில் சிலர் ஒரே வார்த்தையில் ஆரம்பிப்பார்கள்: “சூடுங்க டாக்டர்.” கீழே எரிகிறது, சின்னச் சின்னக் கொப்புளம், ஒன்றுக்குப் போனால் உயிர் போகிறது. ஒரு வாரம் இளநீர் குடித்து, விளக்கெண்ணெய் தடவி, ஒன்றும் கேட்காமல் வந்திருப்பார்கள். சிலர் மருந்துக்கடையில் வாங்கிய அரிப்பு ஆயின்மென்ட்டைப் போட்டிருப்பார்கள். அதில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். புண்ணை அது இன்னும் கெடுத்துவிடும். இளநீர் நல்லதுதான். ஆனால் இந்தக் கொப்புளம் சூட்டால் வருவதில்லை, வைரஸால் வருகிறது.

நம் ஊரில் அக்கி என்பார்கள், குயவர் வீட்டுக்குப் போய்க் காவியில் எழுதிக்கொண்டு வருவார்கள். அது சின்னம்மை வைரஸ் செய்யும் வேலை. ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் அதற்குப் பங்காளி மாதிரி. குடும்பம் ஒன்று, ஆள் வேறு. இதில் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் உதட்டில் வரும். காய்ச்சல் விட்டதும் உதட்டோரம் கொப்புளிக்கிறதே, அது. இரண்டாம் வகை பெரும்பாலும் கீழே வரும். வாய்வழி உறவால் முதல் வகையும் கீழே வரலாம்.

இது அரிதானது என்று நினைக்காதீர்கள். 2020ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல், அதாவது சுமார் 84 கோடிப் பேருக்கு, பிறப்புறுப்பில் இந்தத் தொற்று உண்டு. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது.

எப்படி அடையாளம் காண்பது? வெளிப்படுகிறவர்களுக்குப் பொதுவாகத் தொற்றிய 2 முதல் 12 நாட்களில் முதல் தடவை வரும். அதுதான் கடுமையாக இருக்கும். காய்ச்சல், உடம்பு வலி, தொடை இடுக்கில் நெறி கட்டுதல், பிறகு நீர்க் கொப்புளங்கள். அவை உடைந்து புண்ணாகி ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். ஆறிய பிறகு வைரஸ் செத்துப்போவதில்லை. முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். உடம்பு அசந்த நேரத்தில், மாதவிலக்கையொட்டியோ, காய்ச்சலிலோ, தூக்கமில்லாத நாட்களிலோ, மறுபடி வரும். அப்போது முதலில் அதே இடத்தில் ஊசி குத்துவது மாதிரி இருக்கும். பிறகு இரண்டு மூன்று கொப்புளம் வந்து, ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும்.

பெண்களுக்கு இன்னொரு குழப்பம். புண்ணில் சிறுநீர் பட்டு எரிவதை யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று நினைத்து, திரும்பத் திரும்ப ஆன்டிபயாடிக் சாப்பிடுவார்கள். தயிர்த்திரி மாதிரி வெள்ளைப்படுதலும் அரிப்பும் என்றால் அது பெரும்பாலும் பூஞ்சை. வலியே இல்லாத ஒற்றைப் புண் என்றால் சிபிலிஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றை வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் கொப்புளம் புதிதாக இருக்கும்போதே வந்து காட்டுங்கள். புதுப் புண்ணிலிருந்து பஞ்சில் எடுத்து பிசிஆர் சோதனை செய்தால் தெளிவாகத் தெரியும். ஆறின பிறகு வந்தால் நானும் ஊகிக்கத்தான் முடியும்.

ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. கரு கலைந்த பெண்களுக்கு ‘டார்ச்’ டெஸ்ட் என்று எழுதிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் ஹெர்பீஸ் ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்ததும் மாமியார் வீட்டில் பஞ்சாயத்து கூடிவிடும். சின்ன வயதில் உதட்டில் வந்துபோன வைரஸுக்கும் அது பாசிட்டிவ் காட்டலாம். ஐஜிஎம் சோதனையோ நம்பத்தக்கதே அல்ல. அந்தக் காகிதத்தை வைத்து ஒரு பெண்ணின் நடத்தைக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இதுதான் இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. புண் வந்ததும் மனதில் எழும் முதல் கேள்வி, “யாரிடமிருந்து?” என்பதுதான். எந்தச் சோதனையும் அதற்குப் பதில் சொல்லாது. கல்யாணத்துக்கு முன்பே தொற்றி, பல வருடம் ஒரு அறிகுறியும் இல்லாமல் இருந்து, இப்போது முதல் தடவை வெளியே வரலாம். கணவருக்கு இருந்து, அவருக்கே தெரியாமல் இருக்கலாம். துரோகமே நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. புண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது என்கிறேன். சண்டை போடுவதற்கு முன் இருவரும் சேர்ந்து டாக்டரைப் பாருங்கள். எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஹெர்பீஸ் புண் இருந்தால் எச்ஐவி எளிதாகத் தொற்றும்.

வைத்தியம் சுலபம். அசைக்ளோவிர் 1980களிலிருந்தே புழக்கத்தில் இருக்கும் மாத்திரை. அரசுத் திட்டத்தில் இதற்கெனச் சிவப்பு நிறப் பொதி ஒன்று உண்டு. அதில் 400 மில்லிகிராம் மாத்திரை, தினம் மூன்று வேளை, ஏழு நாள். வைரஸை ஒழிக்காது. ஆனால் வந்த ஒன்றிரண்டு நாளுக்குள் ஆரம்பித்தால் புண் சீக்கிரம் ஆறும். அடிக்கடி வருகிறவர்கள் டாக்டர் சொன்னபடி தினமும் சாப்பிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும்.

வீட்டில் செய்ய வேண்டியவை: தளர்வான பருத்தி உள்ளாடை போடுங்கள். வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றித் துடையுங்கள். சிறுநீர் கழிக்கும்போதே மேலே தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் குறையும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மஞ்சள், டெட்டால், பற்பசை எதுவும் வேண்டாம். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கடுமையான தலைவலியும் கழுத்து இறுக்கமும் வந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

புண் இருக்கும்போதும், அந்தக் குத்தல் ஆரம்பித்ததிலிருந்தும் உறவு வேண்டாம். மற்ற நாட்களில் ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாக நீக்காது.

கர்ப்பிணிகள் கட்டாயம் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பழைய தொற்று என்றால் குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு. கடைசி மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் தொற்றினால்தான் பெரிய ஆபத்து. 36ஆம் வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்போம். பிரசவ நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் செய்வோம். பாட்டிமார்களுக்கும் ஒன்று: உதட்டில் கொப்புளம் இருந்தால் பச்சைக் குழந்தையைக் கொஞ்சி முத்தம் கொடுக்காதீர்கள்.

பயம் எங்கே வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். நம் நீச்சல் குளத்தில் இது பரவாது. டாய்லெட் சீட்டில் பரவாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் டம்ளரைத் தனியாக வைப்பதற்கு இது காரணம் ஆகாது.

தெரிந்த டாக்டரிடம் போகக் கூச்சமாக இருந்தால், திருச்சி ரோட்டில் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவுக்கு ‘சுகவாழ்வு மையம்’ என்று பெயர். வைத்தியம் இலவசம், விவரம் வெளியே போகாது. 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம்.

சளி பிடித்தால் சொல்கிறோம், சர்க்கரை வந்தால் சொல்கிறோம். இதையும் ஒரு டாக்டரிடமாவது சொல்லுங்கள். இங்கே எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்க வேண்டாம். தனியாகக் கேட்க வேண்டுமானால் மாலை நடையில் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்.