பல் வைத்தியரைத் தேடி



அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், 2007 பிப்ரவரியில், 12 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். சொத்தைப் பல் சீழ் பிடித்து, கிருமி மூளைக்கு ஏறிவிட்டது. பல்லைப் பிடுங்க 80 டாலர் போதும் என்றார்கள். பிடுங்க ஆள் கிடைக்காமல், இரண்டு முறை மூளையில் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரிச் செலவு சுமார் 2.5 லட்சம் டாலர். அப்படியும் பிள்ளை பிழைக்கவில்லை.

ஏழைப் பிள்ளைகளுக்கு அங்கே அரசுத் திட்டம் இல்லாமல் இல்லை. மெடிக்கெய்டு என்று பெயர். அரசு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பணம் கட்டும். கம்பெனி வைத்தியர்களின் பட்டியல் தரும். அந்தப் பட்டியலில் இருந்த 24 பல் வைத்தியர்களை நாடாளுமன்றத் துணைக்குழுவின் ஊழியர்கள் போனில் அழைத்துப் பார்த்தார்கள். 23 எண்கள் பயனில்லை: ஒன்று, தவறான எண், அல்லது துண்டிக்கப்பட்ட எண், அல்லது ‘இந்தத் திட்டத்தில் நாங்கள் பார்ப்பதில்லை’ என்ற பதில். மிச்சமிருந்த ஒருவரும் சாதாரணப் பல் வைத்தியம் பார்ப்பவர் அல்ல. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்தத் தாய் எங்கே போவாள்?

பிறகுதான் மாநில அரசு விழித்துக்கொண்டது. வைத்தியர்களுக்கு அரசு கொடுத்த தொகை மிகவும் குறைவு, அதை உயர்த்தினார்கள். குழந்தைகளுக்கான இன்னொரு அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பல் சிகிச்சையும் கட்டாயம் என்று 2009-இல் மத்திய அரசு சட்டமே போட்டது.

நல்லதுதான். ஆனால், அந்த எண்களுக்கு அரசே முன்கூட்டி ஒரு போன் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கம்பெனிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே.